பல்கலைக்கழகங்களில் ஆய்வுப் பணிகளையும் அலுவலகப் பணிகளையும் தேடிக் கண்டடைவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பல்கலைக்கழகத்தில் வேலை தேடுபவர்களில் பலர், அறிவிப்பு கண்ணில் பட்ட நாளையே தேடலின் முதல் நாளாகக் கொள்கிறார்கள். அந்தப் பணியிடத்தைப் பொறுத்தவரை அது ஏறக்குறையக் கடைசிக் கட்டம். பல மாதங்களுக்கு முன்பே ஒரு பேராசிரியர் நிதி கேட்டு முன்மொழிவு எழுதியிருப்பார். நிதி கிடைத்த செய்தி வெளியாகியிருக்கும். துறைத் தலைமையும் நிதிப் பிரிவும் மனிதவளப் பிரிவும் ஒவ்வொன்றாக ஒப்புதல் தந்திருக்கும். அதன் பிறகே விளம்பரம் வரும். விளம்பரத்துக்கும் கடைசித் தேதிக்கும் இடையே சில நேரங்களில் இரண்டு வாரங்கள்கூட இருப்பதில்லை. ஆகவே, ஒரு பணியிடம் எந்தப் பணத்தில், யாருடைய தேவையால் உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அது உருவாகும் இடத்தையே கவனித்து வருபவருக்குத்தான் நிதானமாக விண்ணப்பிக்கும் காலம் கிடைக்கிறது.

முதலில் பணத்தின் வழியைப் புரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழகப் பணியிடங்கள் பெரும்பாலும் இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகின்றன. ஒன்று, பல்கலைக்கழகத்தின் சொந்த வரவு செலவுத் திட்டம். ஆசிரியப் பதவிகள், நூலகர், பதிவாளர் அலுவலகப் பணியாளர், கணினிப் பிரிவினர், நிரந்தரத் தொழில்நுட்பர் ஆகியோர் பெரும்பாலும் இதில் அடங்குவர். மற்றொன்று, வெளியிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு வரும் ஆய்வு நிதி. திட்ட உதவியாளர், முனைவர் பட்ட ஆய்வாளர், போஸ்ட்டாக் எனப்படும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர் ஆகியோரில் பெரும் பகுதியினர் இதைச் சார்ந்தவர்கள். முதல் வகைப் பணியிடம், ஒருவர் ஓய்வு பெறுவதாலோ விலகுவதாலோ புதிய பிரிவு தொடங்கப்படுவதாலோ பிறக்கிறது. அதை நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் தேட வேண்டும். இரண்டாம் வகை, நிதி கிடைக்கும் நாளில் பிறக்கிறது. அதை ஆய்வாளர்களிடமும் நிதி நிறுவனங்களின் தரவுத்தளங்களிலும் தேட வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் ஒரே இடத்தில் இரண்டையும் தேடுவதால்தான் பலருடைய மாதங்கள் வீணாகின்றன.

படி 1: பதவிப் பெயர்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரே வேலைக்கு நாட்டுக்கு நாடு வேறு பெயர். அமெரிக்காவில் உதவிப் பேராசிரியர் என்று அழைக்கப்படுபவருக்கு இணையானவர் பிரிட்டனில் பல இடங்களில் விரிவுரையாளர் என்று அழைக்கப்படுகிறார். ஆய்வு உதவியாளர் என்ற பெயர் ஓரிடத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவரைக் குறிக்கும்; வேறோரிடத்தில் முனைவர் பட்டம் பெற்றவரைக் குறிக்கும். நார்வே, நெதர்லாந்து போன்ற நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் சம்பளம் பெறும் ஊழியர். எனவே அந்த இடங்கள் மாணவர் சேர்க்கைப் பக்கத்தில் இல்லாமல் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வெளியாகின்றன. இதை அறியாமல் சேர்க்கைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அங்கே இடமே இல்லை என்று தோன்றிவிடும்.

இந்தக் குழப்பத்தைக் குறைக்க ஐரோப்பிய ஆணையம் 2011-இல் ஆய்வாளர்களை நான்கு நிலைகளாக வகுத்தது. முனைவர் பட்டம் வரையிலான தொடக்க நிலை ஆர்1; பட்டம் பெற்றும் இன்னும் முழுமையாகத் தற்சார்பு அடையாத நிலை ஆர்2; தற்சார்புடன் ஆய்வு நடத்துபவர் ஆர்3; துறையில் முன்னணியில் இருப்பவர் ஆர்4. ஐரோப்பிய அறிவிப்புகளில் இந்தக் குறியீடு இருந்தால், பதவிப் பெயரைவிட அதையே நம்பலாம். குறியீடு இல்லாத இடங்களில், கேட்கப்படும் பட்டம், அனுபவ ஆண்டுகள், சம்பளப் படிநிலை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பதவியின் உண்மையான இடம் விளங்கும்.

தேடலைத் தொடங்குமுன், உங்கள் தகுதிக்குப் பொருந்தும் எட்டுப் பத்துப் பதவிப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேலை தேடும் நாட்டின் மொழியில் வழங்கும் பெயரையும் அதில் சேருங்கள். ஜெர்மனியில் ‘விஸ்ஸன்ஷாஃப்ட்லிஹர் மிட்டார்பைட்டர்’ (ஆய்வுப் பணியாளர்) என்ற சொல்லைத் தேடாதவருக்கு அங்குள்ள ஆய்வுப் பணிகளில் பெரும் பகுதி கண்ணிலேயே படாது. ஏனெனில் பல அறிவிப்புகள் ஜெர்மன் மொழியில் மட்டுமே வருகின்றன.

படி 2: பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்தை முழுமையாகப் பயன்படுத்துங்கள்

விருப்பமான 15 முதல் 20 நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் வேலைவாய்ப்புப் பக்கத்திலும் கணக்குத் தொடங்கி, மின்னஞ்சல் அறிவிப்பை அமைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வடிகட்டியை மிகக் குறுகலாக வைக்க வேண்டாம். துறையின் பெயரை மட்டும் கொடுத்தால், உங்கள் துறைக்குப் பொருத்தமான வேலை மருத்துவப் பள்ளியிலோ தரவு அறிவியல் மையத்திலோ வெளியாகும்போது அது உங்களுக்கு வந்து சேராது. பதவி வகையைக் கொண்டு ஓர் அறிவிப்பும், முக்கியச் சொல்லைக் கொண்டு மற்றொன்றுமாக இரண்டு அமைப்பது நல்லது.

பல்கலைக்கழகம் என்ற ஒரே பெயருக்குள் பல முதலாளிகள் இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரண்டிலும் கல்லூரிகள் தனித்தனி அமைப்புகள். அவை தங்கள் ஊழியர்களைத் தாமே நியமிக்கின்றன. கல்லூரிகள் வழங்கும் இளநிலை ஆய்வு உறுப்பினர் பதவிகள் அந்தந்தக் கல்லூரியின் வழியாகவே நிரப்பப்படுவதால், பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தை மட்டும் பார்ப்பது போதாது. இதேபோல் பல்கலைக்கழக மருத்துவமனை, அதன் வளாகத்தில் இயங்கும் தனி ஆய்வு நிறுவனம், ஆய்வு அறக்கட்டளை, பதிப்பகம் ஆகியவை தனி வேலைவாய்ப்புப் பக்கங்களை வைத்திருக்கக்கூடும். ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் கழகத்தின் நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களோடு நெருங்கி இயங்கினாலும் தனி அமைப்பைச் சேர்ந்தவை. அவற்றின் பணியிடங்கள் தனியே அறிவிக்கப்படுகின்றன.

துறையின் இணையப் பக்கத்தையும் ஆய்வுக் குழுவின் பக்கத்தையும் மாதம் ஒருமுறையாவது பாருங்கள். பொதுப் பக்கத்துக்கு வருவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பாகவே, ‘விரைவில் ஓர் ஆய்வாளர் தேவைப்படுகிறார்’ என்ற ஒரு வரி அங்கே எழுதப்படுவதுண்டு.

படி 3: திரட்டுத் தளங்களில் எது எதற்குப் பயன்படும் என்று அறிந்து தேடுங்கள்

பல நிறுவனங்களின் அறிவிப்புகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் திரட்டுத் தளங்களில், பொதுவான வேலைத் தளங்களைவிட, பல்கலைக்கழகங்களுக்கென்றே உள்ள தளங்கள் மிகுந்த பயன் தரும். ஐரோப்பா முழுமைக்கும் ஐரோப்பிய ஆணையத்தின் முயற்சியான யூராக்ஸஸ் உண்டு. பிரிட்டனுக்கு, வார்விக் பல்கலைக்கழகம் 1998-இல் தொடங்கிய ஜாப்ஸ்.ஏசி.யூகே உண்டு, அதில் ஆய்வுப் பணிகளோடு நிர்வாகம், நூலகம், ஆய்வகத் தொழில்நுட்பம் எனப் பல பிரிவுகளும் வருகின்றன. நெதர்லாந்துக்கு அகாடமிக் டிரான்ஸ்ஃபர், நார்வேக்கு ஜாப்நார்கே, ஜப்பானுக்கு அந்நாட்டு அறிவியல் தொழில்நுட்ப முகமை நடத்தும் ஜேரெக்-இன், அமெரிக்காவுக்கு ஹையர்எட்ஜாப்ஸ் ஆகியவை முதன்மையானவை.

துறைசார் தளங்கள் இன்னும் கூர்மையானவை. கணிதத்தில் அமெரிக்கக் கணிதவியல் கழகத்தின் மேத்ஜாப்ஸ் வழியாகவே விண்ணப்பமும் பரிந்துரைக் கடிதங்களும் செல்கின்றன. பொருளியலில் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் வேலைப் பட்டியல்தான் சந்தையின் மையம்; விண்ணப்பதாரர் தம் உண்மையான ஆர்வத்தைக் காட்ட இரண்டு நிறுவனங்களுக்கு மட்டும் தனிக் குறிப்பு அனுப்பும் ஏற்பாட்டையும் அந்தச் சங்கம் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறது. வானியலில் அமெரிக்க வானியல் கழகத்தின் வேலைப் பதிவேடும், துகள் இயற்பியலில் இன்ஸ்பயர் தளமும் அதே இடத்தை வகிக்கின்றன. உங்கள் துறையின் முதன்மையான கழகம் எது என்று தெரிந்தால், தேட வேண்டிய தளமும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

திரட்டுத் தளத்தில் காணும் அறிவிப்பை அப்படியே நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். கடைசித் தேதி நீட்டிக்கப்பட்டிருக்கலாம், பணியிடம் திரும்பப் பெறப்பட்டிருக்கலாம். பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்தில் அறிவிப்பு எண்ணைக் கொண்டு தேடி உறுதி செய்த பிறகே விண்ணப்ப வேலையைத் தொடங்க வேண்டும்.

படி 4: நிதி செல்லும் வழியைப் பின்தொடருங்கள்

ஆய்வுப் பணி தேடுபவருக்கு இந்தப் படியே மிக முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து. பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளின் விவரங்களைப் பல நாடுகள் யாரும் பார்க்கும்படி வெளியிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றிய நிதிக்குக் கார்டிஸ், அமெரிக்க மருத்துவ ஆய்வுக்கு அந்நாட்டுத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ரிப்போர்ட்டர், அடிப்படை அறிவியலுக்கு அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதி விருதுத் தேடல், பிரிட்டனுக்குக் கேட்வே டு ரிசர்ச், ஜெர்மனிக்கு கெப்ரிஸ், ஜப்பானுக்குக் காக்கன் என்று அவை இயங்குகின்றன. இவற்றில் திட்டத்தின் தலைப்பு, சுருக்கம், திட்டத்தை நடத்தும் முதன்மை ஆய்வாளரின் பெயர், நிறுவனம், தொடங்கும் தேதி ஆகியவை பொதுவாகக் கிடைக்கும். பலவற்றில் தொகையும் இருக்கும்.

இந்தத் தரவைப் படிக்கும் முறை எளிது. உங்கள் ஆய்வுத் துறைக்குரிய நான்கைந்து முக்கியச் சொற்களைக் கொடுத்து, கடந்த 6 மாதங்களில் தொடங்கியவையும் அடுத்த 6 மாதங்களில் தொடங்கவிருப்பவையுமான திட்டங்களை மட்டும் வடிகட்டுங்கள். மூன்றாண்டுக்கு முன் தொடங்கிய திட்டத்தில் பெரும்பாலும் ஆட்கள் ஏற்கெனவே அமர்ந்திருப்பார்கள். பிறகு சுருக்கத்தைப் படித்து, அதில் சொல்லப்பட்ட வேலையை யார் செய்யப் போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கள ஆய்வு, பெருந்தரவுப் பகுப்பாய்வு, மென்பொருள் உருவாக்கம் என்று மூன்று பகுதிகள் இருந்து, அந்தப் பேராசிரியரின் குழுவில் மென்பொருள் தெரிந்தவர் யாரும் இல்லை என்று குழுப் பக்கம் காட்டினால், அங்கே ஓர் இடம் உருவாகப் போகிறது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

பெரிய நிதிகளின் முடிவு வெளியாகும் காலத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் தொடக்க நிலை நிதி பொதுவாக 5 ஆண்டுகளுக்கு 15 லட்சம் யூரோ வரை செல்லும். அதைப் பெற்றவர் புதிய குழு ஒன்றையே கட்ட வேண்டியிருப்பதால், முனைவர் பட்ட ஆய்வாளர்களையும் போஸ்ட்டாக்குகளையும் தேடுவார். ஜெர்மன் ஆய்வு அறக்கட்டளையின் கூட்டு ஆய்வு மையம் ஒன்று 4 ஆண்டுக் கட்டங்களாக 12 ஆண்டுகள் வரை நிதி பெறலாம். ஒரு புதிய மையத்துக்கு ஒப்புதல் கிடைத்தால் பல பணியிடங்கள் ஒரே பருவத்தில் வெளிவரும். முனைவர் பட்ட ஆய்வாளர்களைப் பயிற்றுவிக்க ஐரோப்பிய ஒன்றியம் நிதியளிக்கும் மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா-கியூரி முனைவர் வலையமைப்புகளும் அப்படித்தான். ஒவ்வொரு வலையமைப்பும் பல நாடுகளில் பரவிய ஆய்வாளர் இடங்களை யூராக்ஸஸில் அறிவிக்கிறது. ஆனால் அந்த இடங்களுக்கு இடம்பெயர்வு விதி உண்டு: பணியமர்த்தப்படுவதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் பணியிடம் உள்ள நாட்டில் வசித்தவரோ முதன்மைப் பணி செய்தவரோ தகுதி பெற மாட்டார். விண்ணப்பம் எழுதி முடித்த பிறகு இந்த விதியைக் கண்டுபிடிப்பது மிகுந்த வேதனை தரும், முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

படி 5: முதன்மை ஆய்வாளருக்கு எழுதுங்கள்

அறிவிப்பு வராத நிலையில் எழுதுவது தவறோ துணிச்சலோ அன்று. ஆய்வுலகில் அது வழக்கம். தவறு, ஐம்பது பேருக்கு ஒரே மடலை அனுப்புவதில் இருக்கிறது. பெறுபவர் அதை முதல் வரியிலேயே அறிந்துகொள்வார். மடலில் நான்கு செய்திகள் போதும்: அவருடைய எந்தத் திட்டத்தைப் பார்த்து எழுதுகிறீர்கள், அதில் எந்தப் பகுதியை நீங்கள் செய்ய முடியும், அதற்குச் சான்று எது, எப்போது முதல் சேர முடியும். இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, மண் நுண்ணுயிர்கள் பற்றிய தங்கள் புதிய திட்டத்தின் சுருக்கத்தை நிதித் தரவுத்தளத்தில் படித்தேன். அதில் குறிப்பிடப்பட்டுள்ள நீண்டகாலத் தரவுத் தொகுப்பை ஒத்த ஒன்றை என் முனைவர் பட்ட ஆய்வில் பகுப்பாய்வு செய்திருக்கிறேன். அதன் நிரலும் கட்டுரையும் இணைப்பில் உள்ளன. பட்டம் வரும் செப்டம்பரில் நிறைவடையும். இத்திட்டத்துக்கு ஆய்வாளர் பணியிடம் அறிவிக்கப்பட இருந்தால், அதற்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். அப்படி ஒன்று இல்லாவிட்டால், தங்கள் குழுவை எனக்கு இடமளிக்கும் குழுவாகக் கொண்டு ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது பற்றிப் பேச இயலுமா என்று அறிய விரும்புகிறேன்.”

கடைசி வாக்கியத்தின் மதிப்பு பெரிது. பேராசிரியரிடம் பணம் இல்லாத நிலையிலும் உரையாடல் தொடர அது வழி செய்கிறது. ஏனெனில் பல உதவித்தொகைகளுக்கு விண்ணப்பதாரரும் இடமளிக்கும் பேராசிரியரும் சேர்ந்தே விண்ணப்பம் தயாரிக்கிறார்கள். அத்தகைய வாய்ப்புகளுக்குக் கடைசித் தேதிக்கு நான்கு முதல் ஆறு மாதங்கள் முன்னதாக எழுத வேண்டும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். அவருடைய குழுவில் இப்போது இருக்கும் இளம் ஆய்வாளர் ஒருவருக்கு எழுதி, அங்கே வேலைச் சூழல் எப்படி, ஒப்பந்தங்கள் நீட்டிக்கப்படுகின்றனவா என்று கேட்பதும் மிகப் பயனுள்ளது.

படி 6: அலுவலக, தொழில்நுட்பப் பணிகளுக்கான தனி வழி

ஆய்வுப் பதவி கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடமாக இந்தப் பணிகளைக் கருதுவது பெரும் தவறு. ஒரு பல்கலைக்கழகம் ஆய்வு மேலாண்மை, மாணவர் சேர்க்கை, நூலகம், ஆய்வகப் பராமரிப்பு, தரவுப் பாதுகாப்பு, நெறிமுறைக் குழுச் செயலகம், வெளிநாட்டு உறவு, அறிவுசார் சொத்து எனப் பல துறைகளில் திறமையானவர்களைக் கொண்டே இயங்குகிறது. ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்ற பணிப்பெயர் 2012 வாக்கில் பிரிட்டனில் உருவாகி, இன்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தனிக் குழுக்களாக வளர்ந்திருக்கிறது. ஆய்வகத் தொழில்நுட்பர்களின் பங்களிப்புக்கு அங்கீகாரம் கோரும் உறுதிமொழி ஒன்றும் அதே நாட்டில் 2017-இல் தொடங்கப்பட்டு, பல நிறுவனங்கள் அதில் கையொப்பமிட்டுள்ளன. முனைவர் பட்டம் பெற்று, ஆய்வை நேசித்து, ஆனால் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களின் நிலையின்மையைத் தாங்க விரும்பாதவர்களுக்கு இவை மதிப்புள்ள வாழ்க்கைப் பாதைகள்.

இந்தப் பணிகளில் உள்ளிருப்பவருக்கு முன்னுரிமை உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும். பல நிறுவனங்கள் ஒரு பணியிடத்தை முதலில் ஊழியர்களுக்கு மட்டும் அறிவிக்கின்றன. பணி இழக்கும் நிலையில் உள்ள ஊழியர்களுக்கு முதலில் வாய்ப்பளிக்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. அதனால் குறுகிய காலப் பணி ஒன்றில் நுழைவது, பிறகு உள் அறிவிப்புகளைப் பார்க்கும் வாசலாக அமைகிறது. பல பல்கலைக்கழகங்கள் தேர்வுக் காலம், சேர்க்கைக் காலம், மகப்பேறு விடுப்பு ஆகியவற்றுக்கெனத் தற்காலிகப் பணியாளர் பதிவேட்டை வைத்துள்ளன. அதில் பெயர் கொடுப்பதற்கு அதிக நேரம் ஆகாது.

விண்ணப்பம் மதிப்பிடப்படும் முறையும் வேறு. பிரிட்டன் போன்ற நாடுகளில் ஒவ்வொரு அறிவிப்போடும் தகுதி விவரப் பட்டியல் ஒன்று வரும். அதில் கட்டாயத் தகுதிகளும் விரும்பத்தக்க தகுதிகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். தேர்வுக் குழு அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் சான்று தேடும். எனவே உங்கள் கடிதத்தில் அந்தப் பட்டியலின் வரிசையையே பின்பற்றி, ஒவ்வொரு தகுதிக்கும் ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள்: சூழல் என்ன, பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைந்தது என்ன. ‘குழுவாகப் பணியாற்றுவதில் வல்லவர்’ என்ற வரிக்கு மதிப்பெண் இல்லை. மூன்று துறைகளின் தேர்வு அட்டவணையை ஒருங்கிணைத்து மோதல்களை நீக்கிய விவரத்துக்கு உண்டு.

படி 7: அறிவிப்பை ஒப்பந்தத்தைப் போல் படியுங்கள்

முதலில் பணிக்காலம். நிரந்தரமா, குறிப்பிட்ட காலமா, நீட்டிப்பு ‘நிதியைப் பொறுத்தது’ என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த நாட்டின் சட்டமும் இங்கே குறுக்கிடும். ஜெர்மனியில் 2007-இல் இயற்றப்பட்ட அறிவியல் பணிக் காலச் சட்டத்தின் அடிப்படை விதிப்படி, தகுதி வளர்ப்புக்கான தற்காலிக ஒப்பந்தங்கள் முனைவர் பட்டத்துக்கு முன் 6 ஆண்டுகளும் அதற்குப் பின் 6 ஆண்டுகளும் வரை செல்லலாம். மருத்துவத்தில் பின்பகுதி 9 ஆண்டுகள். வெளி நிதியில் நடக்கும் திட்டங்களுக்குத் தனி விதி உண்டு. ஏற்கெனவே அங்கு சில ஆண்டுகள் பணியாற்றியவர், மீதமுள்ள காலத்தைக் கணக்கிட்ட பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்து, வேலை நேர விழுக்காடு. அதே ஜெர்மனியில் மாநில அரசுகளின் ஊதிய ஒப்பந்தப்படி ஆய்வாளர்கள் பெரும்பாலும் இ13 என்ற நிலையில் அமர்த்தப்படுகிறார்கள். ஆனால் முனைவர் பட்ட ஆய்வாளருக்கு அதில் பாதி அல்லது 65, 75 விழுக்காடு மட்டும் வழங்கப்படுவது பரவலான வழக்கம். படிநிலையை மட்டும் பார்த்துச் சம்பளத்தைக் கணக்கிட்டவர் ஏமாந்துபோவார்.

தேதிகளிலும் நுணுக்கம் உண்டு. அமெரிக்க அறிவிப்புகளில் கடைசித் தேதி இல்லாமல், ‘பரிசீலனை தொடங்கும் நாள்’ என்று இருக்கலாம். அந்த நாளையே கடைசித் தேதியாகக் கொள்ளுங்கள். நிரப்பப்படும் வரை திறந்திருக்கும் என்ற வரி, தாமதிக்கலாம் என்ற அனுமதி ஆகாது. அமெரிக்காவில் நிரந்தரத்துக்கு வழிவகுக்கும் ஆசிரியப் பதவிகள் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டின் இலையுதிர் பருவத்தில் பணி தொடங்கும். போஸ்ட்டாக் இடங்களுக்கு அத்தகைய பருவம் பல துறைகளில் இல்லை. இணையவழி விண்ணப்பம் எந்த நேர மண்டலத்தில் மூடப்படுகிறது என்பதையும் பாருங்கள்.

அறிவிப்பு மிகக் குறுகிய காலத்துக்கு வெளியாகி, மிகவும் தனித்துவமான திறன்களின் கலவையைக் கேட்டால், ஏற்கெனவே ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கக்கூடும். அதற்காக விண்ணப்பிக்காமல் விட வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பம் எழுத விடுமுறையைச் செலவழிக்குமுன், அறிவிப்பில் தொடர்புக்குத் தரப்பட்டிருப்பவரிடம், ‘இது புதிய பணியிடமா, இப்போது யாரேனும் இதில் இருக்கிறார்களா’ என்று மரியாதையாகக் கேட்கலாம். பெரும்பாலோர் நேர்மையாகவே பதில் சொல்கிறார்கள்.

படி 8: ஆவணங்களை முன்பே தயார் செய்யுங்கள்

ஆய்வாளரை அடையாளம் காட்டும், 16 இலக்கங்கள் கொண்ட ஆர்க்கிட் எண்ணைப் பெற்று, உங்கள் கட்டுரைகள், தரவுத் தொகுப்புகள், நிரல்கள் அனைத்தையும் அதில் சேருங்கள். 2012-இல் தொடங்கப்பட்ட இந்த அடையாள எண்ணைப் பல விண்ணப்பப் படிவங்கள் கேட்கின்றன. கட்டுரை வெளியான இதழின் தாக்க எண்ணை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவை) தற்குறிப்பில் எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. அந்த எண்ணை ஓர் ஆய்வாளரின் தரத்துக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது என்று கூறும் சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்தில் ஏராளமான பல்கலைக்கழகங்கள் கையொப்பமிட்டுள்ளன. பல ஆசிரியர்கள் எழுதிய கட்டுரையில் உங்கள் பங்கு என்ன என்பதே கேள்வி. கிரெடிட் எனப்படும் வகைப்பாடு பங்களிப்பை 14 வகைகளாகப் பிரிக்கிறது. கருத்துருவாக்கம், தரவுப் பராமரிப்பு, மென்பொருள் போன்ற அந்தச் சொற்களைக் கொண்டு உங்கள் பங்கை ஒரு வரியில் எழுதலாம்.

பரிந்துரையாளர்கள் மூவரிடம் முன்கூட்டியே சம்மதம் பெறுங்கள். அவர்களுக்குக் குறைந்தது மூன்று வார அவகாசமும், அறிவிப்பின் பிரதியும், உங்கள் கடிதமும், எந்தத் திறனைப் பற்றி அவர் சொன்னால் உதவும் என்ற குறிப்பும் தேவை. இப்போதைய மேற்பார்வையாளருக்கு நீங்கள் வேலை தேடுவது தெரியக் கூடாது என்றால், நேர்காணலுக்குப் பிறகே அவரைத் தொடர்புகொள்ளும்படி படிவத்தில் குறிப்பிடுங்கள். ஆனால் சுவீடனிலும் நார்வேயிலும் இப்படி மறைப்பது கடினம், அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிப்படைச் சட்டத்துக்கு உட்பட்டவை. சுவீடனில் விண்ணப்ப ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பெற முடியும். நார்வேயில் விண்ணப்பதாரர் பட்டியல் பொதுவானது, பெயரை மறைக்கக் கோரலாம் என்றாலும் அது எப்போதும் ஏற்கப்படும் என்பதில்லை.

படி 9: போலிகளை இனங்காணுங்கள்

பல்கலைக்கழகப் பெயரைப் பயன்படுத்திப் பணம் பறிப்பவர்கள், வெளிநாட்டு வேலைக்கு ஏங்கும் இளைஞர்களையே குறிவைக்கிறார்கள். எனவே இதில் எவ்வளவு எச்சரிக்கையும் தகும். மின்னஞ்சல் முகவரியின் இறுதிப் பகுதியைப் பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வ இணைய முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ‘.இடியூ’ என்ற முகவரி 2001 முதல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற உயர்கல்வி நிறுவனங்களுக்கே புதிதாக வழங்கப்படுகிறது, ‘.ஏசி.யூகே’ முகவரியையும் யாரும் எளிதாகப் பெற முடியாது. ஆனால் அவற்றின் முன்னோ பின்னோ ஒரு சொல்லை ஒட்டி அதே போலத் தோன்றும் முகவரியை உருவாக்க முடியும். நேர்காணலே இல்லாமல் பணி நியமனம், விசாவுக்கோ காப்பீட்டுக்கோ இடைத்தரகரிடம் முன்பணம், தொடக்கத்திலேயே கடவுச்சீட்டின் நகல், இவற்றில் எது கேட்கப்பட்டாலும் அங்கேயே நிறுத்திவிட்டு, பல்கலைக்கழகத்தின் மனிதவளப் பிரிவை அதன் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் உள்ள தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேளுங்கள்.

படி 10: பதிவேடும் பேச்சுவார்த்தையும்

ஒரு விரிதாளில் அறிவிப்பு எண், கடைசித் தேதி, அனுப்பிய ஆவணங்களின் பதிப்பு, தொடர்பு நபர், அடுத்த நடவடிக்கை ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். அறிவிப்பின் முழு உரையையும் சேமித்து வையுங்கள். கடைசித் தேதி முடிந்ததும் பக்கம் நீக்கப்பட்டுவிடும், நேர்காணலுக்கு அழைக்கப்படும்போது அதைப் படிக்க வேறு வழி இருக்காது. நிராகரிப்பு வந்தால், நேர்காணல் வரை சென்றிருந்த நிலையில் கருத்துக் கேட்பது முறையே. பல தேர்வுக் குழுக்கள் சுருக்கமாகவாவது சொல்வார்கள்.

நியமன வாய்ப்பு வந்ததும், சம்பளப் படிநிலையில் எந்தப் படியில் தொடங்குகிறீர்கள் என்று கேளுங்கள். படிநிலை மாறாது என்றாலும், முந்தைய அனுபவத்தைக் கணக்கில் கொண்டு தொடக்கப் படியை உயர்த்த இடமிருக்கலாம். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பிறகு அதைக் கேட்பது கடினம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஏற்ற ஊதிய வெளிப்படைத்தன்மை நெறிமுறை, விண்ணப்பதாரரிடம் முந்தைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்றும், தொடக்க ஊதியத்தை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இடமாற்றச் செலவு, குடும்பத்தினருக்கான விசா, ஆய்வுக் கருவிகள், மாநாட்டுப் பயணம் ஆகியவற்றையும் இதே கட்டத்தில் எழுத்தில் பெறுங்கள். அமெரிக்காவுக்குச் செல்பவர், பல்கலைக்கழகம் பரிமாற்றப் பார்வையாளருக்கான ஜே-1 விசாவுக்கு ஆதரவளிக்கிறதா, சிறப்புத் தொழில் பணியாளருக்கான ஹெச்-1பி விசாவுக்கா என்று தெளிவாகக் கேட்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் ஹெச்-1பியின் ஆண்டு உச்சவரம்புக்கு உட்படாதவை. ஜே-1 பெறும் சிலருக்கோ, இரண்டாண்டுகள் தாய்நாட்டில் தங்கிய பிறகே வேறு சில விசாக்களைப் பெற முடியும் என்ற நிபந்தனை உண்டு. இரு தரப்பும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் கைக்கு வரும்வரை இப்போதுள்ள வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம்; பிற இடங்களில் நிலுவையில் உள்ள விண்ணப்பங்களையும் அதுவரை திரும்பப் பெற வேண்டாம்.